வீட்டுச் சுவரில் பூஞ்சணம்: எதை முதலில் செய்வது, எதைப் பிறகு செய்வது

ஐப்பசியில் இரண்டு மழை விழுந்ததும் பூட்டிய அறைக்குள் ஒரு மணம் எழும்பும். கார்த்திகையில் அலுமாரிக்குப் பின்னால் சுவர் கறுக்கும். மார்கழியில் பெயின்ற் வாளி வாங்கி அதன்மேல் பூசுவார்கள். அடுத்த ஐப்பசியில் அதே இடம், அதே கறுப்பு.

பெயின்ற்றில் பெரும்பாலும் குற்றம் இல்லை. வேலையின் ஒழுங்கு தலைகீழாகப் போய்விட்டது. தண்ணீர் வரும் வழியைப் பிடிப்பது முதல் வேலை. அதை அடைத்து, கழுவி, உலரவிட்டு, பூசுவதெல்லாம் அதற்குப் பிறகுதான் வரும். இந்த வரிசையில் ஒன்றைத் தாண்டினால் மிச்ச வேலை வீண்.

1. அது பூஞ்சணம்தானா?

சுவரில் தெரியும் எல்லாக் கறையும் பூஞ்சணம் அல்ல. யாழ்ப்பாண வீடுகளில் அடிக்கடி மாறிப் புரிந்துகொள்ளப்படுவது உப்புப் பூத்தல். சுவரின் அடிப்பக்கத்தில் வெள்ளையாக, பஞ்சு போலவோ தூள் போலவோ நிற்கும். விரலால் தேய்த்தால் நறநறக்கும். ஒரு துளி தண்ணீர் விட்டால் கரைந்துபோகும். பூஞ்சணம் கரையாது, இழுபட்டுப் பூசுப்படும்.

கறுப்புக் கறை என்றால், கழுவும் குளோரின் திரவத்தில் ஒரு துளியைப் பஞ்சில் தொட்டு வையுங்கள். ஓரிரு நிமிடத்தில் நிறம் வெளுத்தால் பெரும்பாலும் பூஞ்சணம். அப்படியே கறுப்பாக இருந்தால் தூசி அல்லது புகை. சாமியறையிலும் குசினியிலும் சுவர் கறுப்பது பல வேளை விளக்குப் புகையாலும் அடுப்புப் புகையாலும்தான். அதற்குச் சவர்க்காரத் தண்ணீர் போதும்.

இந்தச் சோதனையைத் தவறவிட்டால் என்ன? உப்புப் பூத்த சுவரைக் குளோரின் தண்ணீரால் கழுவுவீர்கள். சுவர் இன்னும் தண்ணீர் குடிக்கும், உப்பு இன்னும் வெளியே வரும்.

2. தண்ணீர் வரும் வழியைக் கண்டுபிடித்தல்

கூடிய நேரம் செலவழிக்க வேண்டியது இங்கேதான். கறை எந்த உயரத்தில், எந்தச் சுவரில் இருக்கிறது என்பதே பாதி விடையைச் சொல்லிவிடும்.

மேற்பக்கம் கறுத்திருந்தால் கூரையைப் பாருங்கள். ஓட்டுக் கூரையில் வெடித்த ஓடு, விலகிய முகட்டோடு, உக்கிய சிலாகை. எல்லாவற்றையும்விடக் கூடுதலாகக் குற்றவாளியாவது பீலி. வேப்பம் பூவும் மாவிலையும் அடைத்த பீலி நிரம்பி, தண்ணீர் பின்பக்கமாகச் சுவருக்குள் இறங்கும். மழை பெய்யும்போது வெளியே நின்று பார்த்தால் பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். வெயில் நாளில் ஏறிப் பார்த்தால் ஒன்றும் தெரியாது.

அடிப்பக்கம் மட்டும், தரையிலிருந்து ஒரு மீற்றர் அளவுக்கு, அலைக்கோடு போல ஈரம் நின்றால் அது நிலத்திலிருந்து ஏறுகிறது. பழைய கல்வீடுகளில் அத்திவாரத்துக்கு மேல் டி.பி.சி. படை (நிலத்து ஈரம் சுவரில் ஏறாமல் தடுக்கும் படை) இருக்காது. புதிய வீடுகளில் இருக்கும், ஆனால் வீட்டுக்காரர் அதைத் தாமே பயனில்லாமல் ஆக்கிவிடுவார்: முற்றத்தை உயர்த்தி மண் கொட்டுவது, சுவரோடு சேர்த்துப் பூங்கன்றுப் பாத்தி கட்டுவது, சுவரை முட்டச் சீமெந்து நிலம் போடுவது. வெளி நிலம் டி.பி.சி. மட்டத்துக்கு ஆறு அங்குலமாவது கீழே இருக்க வேண்டும். மண்ணை வெட்டி விலக்குவதற்குச் செலவு ஒரு மண்வெட்டிதான். அதைச் செய்யாமல் மருந்துப் பூச்சுக்குக் காசு கொடுக்க வேண்டாம்.

நடுச்சுவரில், அதுவும் வடக்கு அல்லது கிழக்குச் சுவரில் என்றால், அடிமழை. நமக்கு மாரி மழை வடகிழக்கிலிருந்து காற்றோடு அடிக்கிறது. அதே மாதங்களில் சூரியன் தெற்கே சாய்ந்து போவதால் வடக்குச் சுவரில் நேர் வெயில் விழாது. கூடுதலாக நனைகிற சுவரும் உலராத சுவரும் ஒன்றாகவே அமைந்துவிடுகின்றன. வெளிப்பூச்சில் மயிர்வெடிப்பு, யன்னல் கட்டைச் சுற்றிய இடைவெளி, சன்சேட்டின் அடியில் தண்ணீரைச் சொட்டவைக்கும் தவாளிப்பு (பள்ளக்கோடு) இல்லாததால் தண்ணீர் உள்ளே வழிந்து வருவது ஆகிய மூன்றையும் பாருங்கள்.

குளியலறைக்கு மறுபக்கச் சுவரோ, தண்ணீர்த் தொட்டிக்குக் கீழுள்ள சுவரோ கோடையிலும் ஈரமாக இருந்தால் குழாய் ஒழுகுகிறது. இரவு படுக்கமுன் எல்லாக் குழாயையும் பூட்டி, தொட்டியின் நீர்மட்டத்தைக் குறித்து வையுங்கள். நிரப்பும் மோட்டரும் நிற்க வேண்டும். விடியப் பார்க்கும்போது மட்டம் இறங்கியிருந்தால் விடை கிடைத்துவிட்டது.

எதுவும் பொருந்தாவிட்டால் இந்தச் சோதனை: ஒன்றரை அடிச் சதுரமாகத் தெளிவான பொலித்தீன் துண்டொன்றை வெட்டி, நான்கு பக்கமும் ஒட்டுநாடாவால் சுவரில் இறுக்கமாக ஒட்டி, இரண்டு நாள் விடுங்கள். சுவர்ப்பக்கம் துளி பிடித்திருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. அறைப்பக்கம் நனைந்திருந்தால் அறைக் காற்றில் உள்ள ஈரம் சுவரில் படிகிறது. முதலாவதற்கு மேசன் வேலை. இரண்டாவதற்குப் பழக்கத்தை மாற்றினால் போதும்.

கூரைக்கும் வெளிப்பூச்சுக்கும் நல்ல காலம் பங்குனி முதல் ஆடி வரை. சோளகக் காற்று சுவரை உலர்த்திவிடும். புரட்டாதியில் மேசனைத் தேடினால் எல்லாரும் அவரைத் தேடிக்கொண்டிருப்பார்கள். மாரி நடுவில் கண்டுபிடித்தால் தற்காலிகமாக ஒழுக்கை மட்டும் நிறுத்தி, 3 முதல் 6 வரையுள்ள வேலையைச் செய்து, பூச்சையும் பெயின்ற்றையும் கோடைக்கு விடுங்கள்.

3. முன்கூட்டியே எடுத்து வைக்க வேண்டியவை

என்95 முகக்கவசம், முழங்கைவரை வரும் றப்பர் கையுறை, காற்றுத்துளை இல்லாத பாதுகாப்புக் கண்ணாடி. மருந்துக்கடையில் விற்கும் நீல நிறச் சாதாரண முகக்கவசம் பூஞ்சண வித்திகளை (பூஞ்சணம் பரவ உதவும் நுண்ணிய துகள்களை) தடுக்காது. ஓரங்களால் உள்ளே போய்விடும். முகத்தில் கட்டும் துவாயும் அப்படித்தான்.

இரண்டு வாளி, கடினமான நைலோன் தூரிகை, பழைய பருத்தித் துணிகள், தண்ணீர் தெளிக்கும் போத்தல், தடித்த பொலித்தீன் பை, சலவைத்தூள், வாசனை சேர்க்காத 5 வீதக் குளோரின் திரவம். கிணற்றுக்குப் போடும் குளோரின் தூளைச் சுவருக்குப் பயன்படுத்த வேண்டாம். செறிவு கூட, கரையாத சுண்ணாம்பு வண்டல் சுவரில் படியும், அளவு பிடிபடாது.

தொய்வு (ஆஸ்துமா) உள்ளவர்கள், கர்ப்பிணிகள், நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள் இந்த வேலையைச் செய்யக்கூடாது. பக்கத்து அறையிலும் இருக்கக்கூடாது. கறை ஒரு சதுர மீற்றருக்கு மேல் பரவியிருந்தாலோ மலசலகூடக் குழி நிரம்பிய வெள்ளத்தண்ணீர் நின்ற சுவராக இருந்தாலோ, பிள்ளைகளையும் வயதானவர்களையும் அன்றைக்கு வேறு வீட்டில் விட்டுவிட்டு, இரண்டு பேர் சேர்ந்து பகுதி பகுதியாகச் செய்யுங்கள்.

4. அறையை ஆயத்தம் செய்தல்

மின்விசிறியை நிறுத்துங்கள். வீட்டின் உட்பக்கக் கதவைப் பூட்டி, கீழ் இடைவெளியை ஈரத்துணியால் அடையுங்கள். வெளி யன்னலைத் திறவுங்கள். காய்ந்த பூஞ்சணம் தொட்ட உடனே தூளாகப் பறக்கும். விசிறி ஓடினால் ஒரு சுவரில் இருந்தது வீடு முழுக்கப் போகும்.

புதியவர்கள் செய்யும் முதற்பிழை, தும்புத்தடியால் சுவரை உரஞ்சித் தட்டுவது. அதற்கு முன் போத்தலால் சவர்க்காரத் தண்ணீரை மெல்லத் தெளித்து நனையுங்கள். நனைந்தது பறக்காது.

அஸ்பெஸ்ரஸ் சீற் கூரையோ சீலிங்கோ இருந்தால் நிலைமை வேறு. அதை உரஞ்சவும் சுரண்டவும் கூடாது, அமுக்கத் தண்ணீர் அடிக்கவும் கூடாது. பூஞ்சணத்தைவிட அந்த நார்த்தூசி மோசமானது. நன்றாக நனைத்து, ஈரத்துணியால் ஒற்றி எடுத்து, துணியைப் பையில் கட்டி எறியுங்கள். உடைந்த சீற் என்றால் தொடாமல் விட்டு, மாற்றும் வழியைப் பாருங்கள்.

5. கழுவுதல்

முதல் வாளியில் 5 லீற்றர் இளஞ்சூட்டுத் தண்ணீர், இரண்டு மேசைக்கரண்டி சலவைத்தூள். மேலிருந்து கீழாக, ஒரு முழ அகலப் பகுதிகளாகத் தேயுங்கள். ஒவ்வொரு பகுதியும் முடிய இரண்டாவது வாளியில் துணியை அலசுங்கள். அந்தத் தண்ணீர் கறுத்ததும் மாற்றுங்கள்; மாற்றாவிட்டால் எடுத்ததையே திரும்பப் பூசுகிறீர்கள்.

பலர் இந்தப் படியைத் தாண்டி நேரே குளோரினுக்குப் போவார்கள். குளோரின் நிறத்தை வெளுக்கும், மேற்பரப்பில் உள்ளதைக் கொல்லும். செத்த பூஞ்சணமும் தும்மலையும் மூச்சிழைப்பையும் தரும். உண்மையில் பூஞ்சணத்தை அகற்றுவது தேய்ப்புத்தான்.

நல்ல தண்ணீரால் துடைத்தபின், கறை மிச்சம் இருந்தால் மட்டும் குளோரின். அளவு: 1 லீற்றர் தண்ணீருக்கு 60 மில்லிலீற்றர் திரவம். அதற்கு மேல் விட்டால் பலன் கூடாது, கண் எரிச்சல்தான் கூடும். தூரிகையால் பூசி, 10 நிமிடம் ஈரமாக வைத்து, பிறகு துடையுங்கள். கலந்ததை மறுநாளைக்கு வைக்காதீர்கள், வலு போய்விடும்.

குளோரினோடு வினாகிரி, மலசலகூடம் கழுவும் அமிலம், அமோனியா உள்ள கண்ணாடித் துடைப்பான் எதையும் சேர்க்கக் கூடாது. நச்சு வாயு வரும். பூட்டிய குளியலறையில் இது உயிராபத்து. ஒரே வாளியை இரண்டுக்கும் மாறிமாறிப் பயன்படுத்துவதுகூட ஆபத்து.

வினாகிரி நல்லது என்று சிலர் சொல்வார்கள். கண்ணாடி, பிளாஸ்ரிக், மாபிள் அல்லாத தரையோடு ஆகியவற்றுக்குச் சரி. சுண்ணாம்புச் சாந்துச் சுவருக்கும் சுண்ணாம்பு அடித்த சுவருக்கும் வேண்டவே வேண்டாம். அமிலம் சுண்ணாம்பைத் தின்னும்.

கடைசி அலசலுக்கு உவர் கிணற்றுத் தண்ணீர் பாவிக்காதீர்கள். தீவுப்பகுதியிலும் கரையோரத்திலும் இது முக்கியம். தண்ணீர் காய, உப்பு சுவரில் நிற்கும். உப்பு காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும், சுவர் மழையில்லாமலே நனைந்திருக்கும். இரண்டு வாளி நல்ல தண்ணீர் வாங்கியாவது முடியுங்கள். கழுவிய தண்ணீரைக் கிணற்றடியில் ஊற்ற வேண்டாம். சுண்ணக்கல் நிலத்தில் அது நேரே கிணற்றுக்குள் இறங்கும்.

6. உலரவிடுதல்

இப்போது வெளி யன்னலைத் திறந்தபடியே விட்டு, மின்விசிறியைச் சுவருக்குச் சரிவாகத் திருப்பி ஓடவிடுங்கள். மேற்பரப்பு 24 முதல் 48 மணித்தியாலத்துக்குள் காய வேண்டும். அதற்கு மேல் ஈரம் நின்றால் மிஞ்சியது மறுபடி முளைக்கும். ஆகவே மழை விட்டு வெயில் எறிக்கும் நாளின் காலையில் கழுவுங்கள், பின்னேரத்தில் அல்ல.

சுவரின் உட்பகுதி உலர்வது வேறு கணக்கு. நனைந்த கல்லுக்கும் சீமெந்துக்கும் ஓர் அங்குலத் தடிப்புக்கு ஒரு மாதம் என்று மேசன்மார் கணக்குச் சொல்வார்கள். கையால் தொட்டுக் காய்ந்தது என்று நினைத்து ஒரு கிழமையில் பெயின்ற் அடிப்பதுதான் இந்த வேலையில் மிகக் கூடுதலாகக் காசைத் தின்னும் பிழை. பொலித்தீன் சோதனையை மறுபடி செய்யுங்கள். சுவர்ப்பக்கம் துளி இல்லாவிட்டால் மட்டும் அடுத்த படி.

7. பூச்சும் பெயின்ற்றும்

பொங்கி உதிரும் பூச்சை ஈரக்கோட்டுக்கு மேல் ஓர் அடி வரை கொத்தி எடுங்கள். பழைய பூச்சில் உப்பு ஏறியிருக்கும், அதை விட்டுவைத்தால் புதிய பூச்சும் நனையும். புதிய பூச்சுக்குக் கழுவிய மணலும் நல்ல தண்ணீரும் தேவை. கடற்கரை மணலைக் கழுவாமல் குழைத்த சுவர் வாழ்நாள் முழுக்க வியர்க்கும்.

சுண்ணாம்புச் சாந்தால் கட்டிய பழைய நாற்சார வீட்டுச் சுவருக்கு மேசன் வன்மையான சீமெந்துப் பூச்சும் நீர்த்தடுப்பு மருந்தும் சொல்வார். மறுத்துவிடுங்கள். அந்தச் சுவர் மூச்சு விட்டு உலர்கிற சுவர். முன்பக்கத்தை அடைத்தால் ஈரம் இன்னும் மேலே ஏறி, பூச்சு முடியும் இடத்தில் வெளியே வரும். 1 பங்கு சுண்ணாம்புக்கு 3 பங்கு மணல் என்று பூசி, மேலே சுண்ணாம்பே அடியுங்கள். சுண்ணாம்பின் காரத்தன்மையில் பூஞ்சணம் இலகுவில் பிடிக்காது.

சீமெந்துக் கல் வீட்டில் புதிய பூச்சு நாலு கிழமை ஆறிய பிறகே பெயின்ற். நீர்த்தடுப்புப் பெயின்ற் அடிப்பதானால் வெளிப்பக்கத்துக்கு அடியுங்கள். உட்பக்கம் அடித்தால் சுவருக்குள் தண்ணீரைப் பூட்டி வைத்ததாகும். மூன்று மாதத்தில் கொப்புளம் போடும். பூஞ்சணத்தின்மேல் பூஞ்சணத் தடுப்புப் பெயின்ற் அடிப்பதும் பயன் தராது, சுத்தமான சுவருக்குத்தான் அது வேலை செய்யும்.

8. சாமான்கள்: எதைக் காப்பாற்றலாம், எதை எறிய வேண்டும்

முதிரை, வேம்பு, தேக்கு அலுமாரி: சவர்க்காரத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, உடனே உலர்துணியால் துடைத்து, நிழலில் காற்றாட விடுங்கள். குளோரின் பொலிஷைக் கெடுக்கும். பின்பலகையைக் கழற்றிப் பாருங்கள், கறை அங்கேதான் கூட. அமுக்கித் தயாரித்த தூள்பலகை ஊதிவிட்டால் எறியுங்கள், அது திரும்பாது.

மெத்தைக்குள் பூஞ்சணம் போனால், தும்பு மெத்தையோ பஞ்சு மெத்தையோ, எறிவதுதான். இரண்டு நாள் வெயிலில் போட்டால் மணம் போகும், வித்தி போகாது. முகத்தை வைத்துப் படுக்கிற சாமானில் சிக்கனம் வேண்டாம்.

கூறைச்சேலையும் பட்டும்: முற்றத்தில், காற்று வரும் பக்கத்துக்கு முதுகைக் காட்டி நின்று, மென்மையான பெயின்ற் தூரிகையால் தட்டி எடுங்கள். நிழலில் காயவிடுங்கள். கறை நின்றால் உலர்சலவைக்கே கொடுங்கள். சரிகையில் குளோரின் பட்டால் கறுத்துவிடும். வேப்பிலையும் நப்தலீன் உருண்டையும் பூச்சிக்கு உதவும், பூஞ்சணத்துக்கு உதவாது.

காணி உறுதி, பிறப்பத்தாட்சிப் பத்திரம், பழைய படங்கள் கூடுதல் கவனத்துக்குரியவை. நம்மவர்கள் உறுதியைப் பொலித்தீனில் சுற்றிப் பெட்டியின் அடியில் வைப்பார்கள். கடதாசியில் கொஞ்சம் ஈரம் இருந்தாலும் பொலித்தீன் அதை வெளியே விடாது. முதலில் கைபேசியில் தெளிவாகப் படமெடுங்கள். பிறகு நிழலில், தாள் தாளாக, விசிறிக் காற்று நேரே படாமல் உலர்த்துங்கள். முழுக்கக் காய்ந்த பிறகே தூரிகையால் துடைக்கலாம். ஈரத்தில் துடைத்தால் மை கரையும், கறை தாளுக்குள் இறங்கும். ஈரத்தோடு லமினேற் செய்யவே கூடாது. நனைந்த கட்டைப் பிரித்து உலர்த்த இரண்டு நாளுக்குள் நேரமில்லை என்றால், பையிலிட்டுக் குளிர்சாதனப்பெட்டியின் உறைபகுதியில் வையுங்கள். பூஞ்சணம் வளராமல் நிற்கும், ஆறுதலாகப் பிறகு பார்க்கலாம்.

குசினியில் செத்தல் மிளகாய், கச்சான், கொப்பரை பூஞ்சணம் பிடித்தால் கழுவி வெயிலில் போட்டுப் பாவிக்க வேண்டாம். அவற்றில் உருவாகக்கூடிய அஃபிளாரொக்சின் நஞ்சு சமையல் சூட்டுக்கு அழியாது.

9. மாரி முழுக்க ஈரத்தை அடக்கி வைத்தல்

ஒரு சிறிய மின்னணு ஈரமானி வாங்கி, அறையின் ஈரமான மூலையில் வையுங்கள். அது காட்டும் சாரீரப்பதன் (காற்றில் உள்ள ஈரத்தின் வீதம்) 60 வீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும் என்பது பொதுவான அளவு. மாரியில், வெளியிலேயே இரவில் 90 வீதத்தைத் தொடும் ஊரில், அதை எட்டுவது கடினம். 80க்கு மேல் நாட்கணக்காக நிற்கவிடாமல் பார்த்தால் பெரும்பாலான சுவர்கள் தப்பும்.

யன்னலை எப்போது திறப்பது என்பதில்தான் பலர் பிழைவிடுகிறார்கள். காற்று வரட்டும் என்று இரவு முழுக்கத் திறந்து வைப்பார்கள். இரவுக் காற்று குளிர்ந்தது, ஈரம் நிறைந்தது. மழை விட்ட நாளில் காலை 11 மணி முதல் பிற்பகல் 3 மணி வரை, எதிரெதிர் யன்னல்களைத் திறவுங்கள்; பின்னேரம் பூட்டுங்கள். உள்ளேயும் வெளியேயும் ஈரமானியை வைத்துப் பார்த்தால் உங்கள் வீட்டுக்கு உரிய நேரம் தெரியும்.

அலுமாரியை வடக்கு, கிழக்கு வெளிச்சுவரிலிருந்து உட்சுவருக்கு மாற்றுங்கள். சுவருக்கும் அதற்கும் நாலு அங்குலம் விடுங்கள், கால்களுக்குக் கீழே செங்கல் வையுங்கள். உடுப்பை நெருக்கி அடுக்காமல் கையை உள்ளே விடும் இடைவெளி விடுங்கள்.

உடுப்பை அறைக்குள் கொடியில் காயப்போடுவது ஈரத்தைக் கையால் ஊற்றுவதற்குச் சமம். விறாந்தையில் போடுங்கள். வழியில்லை என்றால் ஓர் அறையை ஒதுக்கி, உட்கதவைப் பூட்டி, வெளி யன்னலைத் திறந்து, விசிறியை ஓடவிடுங்கள். புட்டும் இடியப்பமும் அவியும்போதும், குளித்து முடிந்தபோதும் இதே முறை: உட்கதவு பூட்டு, வெளி யன்னல் திற. விறகடுப்புக் குசினியில் சூடும் புகைபோக்கியும் சேர்ந்து இதைத் தாமாகவே செய்தன. காஸ் அடுப்பு எரியும்போதே நீராவியையும் விடும், ஆகவே காற்றகற்றும் விசிறி தேவை.

ஏசி உள்ள அறையில் 18இல் வைத்து இரவு முழுக்கக் குளிராக்கி, விடியற்காலை யன்னலைத் திறந்தால், குளிர்ந்த சுவரிலும் தரையோட்டிலும் வெளி ஈரம் வியர்வையாகப் படியும். 25 அல்லது 26இல் வையுங்கள். நிறுத்தியபின் அறை சூடேறும்வரை யன்னலைத் திறக்க வேண்டாம். வடிகுழாயின் முனை சுவரில் சொட்டாமல் தள்ளி நிற்கிறதா என்றும் பாருங்கள்.

கரி, உப்புக் கிண்ணம் எல்லாம் ஓர் அலுமாரித் தட்டுக்குக் கொஞ்சம் உதவும், அறைக்கு ஒன்றுமில்லை. கல்சியம் குளோரைட் பெட்டி பூட்டிய அலுமாரிக்கு நல்லது. தண்ணீர் நிரம்பியதும் ஊற்ற வேண்டும். அது துணியில் சிந்தினால் காயாது.

10. பூட்டிக் கிடக்கும் வீடு

நல்லூர்த் திருவிழாவுக்கு வந்து நின்றுவிட்டு ஆவணியில் பூட்டிப் போகும் வீடுகள்தான் மாரியில் மோசமாகப் பிடிக்கின்றன. திறக்க ஆளில்லை, சின்ன ஒழுக்கு நாலு மாதம் ஓடும்.

போகும் முன் செய்ய வேண்டிய வரிசை: பீலியைத் துப்புரவாக்கி ஒரு வாளி தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். தொட்டியிலிருந்து வீட்டுக்குள் வரும் வால்வைப் பூட்டுங்கள். குளிர்சாதனப்பெட்டியை நிறுத்தித் துடைத்து, கதவு மூடாமல் ஒரு கட்டை வையுங்கள். மெத்தையை நிமிர்த்திச் சாத்துங்கள், பொலித்தீனால் மூட வேண்டாம். அலுமாரிக் கதவுகளையும் உட்கதவுகளையும் திறந்து விடுங்கள். திரைச்சீலைகளைக் கழற்றிக் காயவைத்து மடியுங்கள்.

திறப்பு வைத்திருப்பவரிடம் "இடைக்கிடை பாருங்கோ" என்று சொன்னால் அவர் வாசலைப் பார்த்துவிட்டுப் போவார். செய்ய வேண்டியதைக் குறிப்பாகச் சொல்லுங்கள்: ஐப்பசி முதல் தை வரை இரண்டு கிழமைக்கு ஒருமுறை, மழையில்லாத நாளில், 11 மணிக்குத் திறந்து 3 மணிக்குப் பூட்ட வேண்டும், ஈரமானியையும் வடக்குச் சுவரின் மூலையையும் படமெடுத்து அனுப்ப வேண்டும், பெருமழை பெய்த மறுநாள் சீலிங்கைப் பார்க்க வேண்டும். அதற்கு ஒரு சம்பளமும் பேசிவிடுங்கள்.